மோடத்தின் போர்ட் எண் தானாக மாறிவிடுகிறது, குறுஞ்செய்தி நின்றுபோகிறது (மோல்மேன் குளிர் அறை)

ரங்கூன்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மியான்மரில் மோல்மேன் ஊரில் என் மாமாவுக்கு ஒரு சின்ன மீன் குளிர் அறை இருக்கிறது. படகுக்காரர்கள் கொண்டுவரும் இறாலும் வாவலும் அங்கேதான் இருக்கும். மின்சாரம் முறை வைத்து வருகிற காலம் இது, அந்த முறையும் சொன்னபடி வருவதில்லை. மின்சாரம் போனதும் யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். ராத்திரியில் காவலாளி அசந்துவிட்டால் பெட்டி பெட்டியாக மீன் வீணாகும். அதில் எங்கள் மீன் கொஞ்சம்தான். மீதி எல்லாம் கடனுக்கு டீசல் வாங்கிக் கடலுக்குப் போய்வந்தவர்களுடையது. இதை எப்படியாவது சரியாக ஓட வைத்தே ஆக வேண்டும்.

என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு ராஸ்பெரி பை 3 (கையளவுக் கணினி, சுருக்கமாகப் பை), அதில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஒரு பழைய ஹுவாவே ஈ1550 யுஎஸ்பி மோடம். அறை மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மைனஸ் 12-க்கு மேல் ஏறினால் பைத்தான் நிரல் காவலாளிக்கும் மாமாவுக்கும் எனக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். மொபைல் டேட்டாவை நம்பி எதையும் வைக்க முடியாது என்பதால் குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் செருகியபோது மோடம் சிடி டிரைவாகத்தான் தெரிந்தது. எல்எஸ்யுஎஸ்பி (செருகிய கருவிகளைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் அதன் அடையாள எண் 12டி1:1446. அதை மோடமாக மாற்றும் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் போட்டதும் 12டி1:1001 ஆனது. ஆப்ஷன் டிரைவர் தானாக ஏறி டிடிஒய்யுஎஸ்பி0, 1, 2 என்று மூன்று போர்ட் வந்தன. மூன்றாவது, அதாவது 2-ஐத் திறந்து ஏடி கட்டளை (மோடத்தோடு பேசும் கட்டளை) கொடுத்தால் ஓகே வருகிறது, செய்தியும் போகிறது. ரங்கூனில் என் மேசையில் ஒரு வாரம் தடையில்லாமல் ஓடியது.

மோல்மேனுக்குப் போன பிறகுதான் பிரச்சினை. சில மணி நேரம் ஓடுகிறது, சில நாள் ஒரு பகல் முழுக்கவும் ஓடுகிறது. அப்புறம் நிரல் இன்புட் அவுட்புட் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் போர்ட்டுகள் 0, 1, 3 என்று இருக்கின்றன. 2 எங்கே போனது? பையை அணைத்துப் போட்டால் மறுபடி 0, 1, 2. இன்னொரு தொல்லை, சில சமயம் ஏடி கட்டளைக்கு வர வேண்டிய பதிலுக்கு நடுவே நான் கேட்காத ஏதேதோ வரிகள் கலந்து வருகின்றன.

நான் ரங்கூனில் வேலை பார்க்கிறேன், நினைத்த நேரத்தில் மோல்மேன் போக முடியாது. மாமா பிளக்கைப் பிடுங்கித்தான் ரீஸ்டார்ட் செய்கிறார். அப்படியே போனால் மெமரி கார்டு கெட்டுவிடுமே என்று பயமாக இருக்கிறது. இது டிரைவர் கோளாறா? கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று எழுதியது:

தங்கச்சி, கெர்னலைத் தொடாதீர்கள். போர்ட் திறந்து செய்தி போயிருக்கிறது என்றால் டிரைவரும் சரி, போர்ட்டைத் திறக்க வேண்டிய டயல்அவுட் குழு அனுமதியும் சரி. இது கழன்று கழன்று மாட்டுகிற கதை. நான்கு விஷயம் சொல்லுங்கள்:

நின்றுபோன நேரத்தில் டிமெசேஜில் (கெர்னலின் பதிவேடு) என்ன வரிகள் வந்தன? மோடங்களைத் தானாகக் கவனிக்கும் மோடம்மேனேஜர் என்ற நிரல் ஓடுகிறதா? பைக்கும் மோடத்துக்கும் நடுவில் ஹப், கேபிள் ஏதாவது இருக்கிறதா? ரங்கூன் மேசைக்கும் மோல்மேன் அறைக்கும் என்னென்ன வித்தியாசம்?

கடைசிக் கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கும்.

ரங்கூன்_கணக்கு எழுதியது:

நன்றி அண்ணே. போனிலிருந்துதான் எழுதுகிறேன், கட்டளைகளையும் தமிழிலேயே தட்டிவிடுகிறேன், மன்னிக்கவும்.

டிமெசேஜில் முதலில் "யுஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 5" என்று வருகிறது. அதன் கீழே ஜிஎஸ்எம் மோடம் கன்வர்ட்டர் டிடிஒய்யுஎஸ்பி0-இலிருந்து துண்டிக்கப்பட்டது, 1-இலிருந்து, 2-இலிருந்து என்று மூன்று வரி. சில சமயம் அதற்கு முன்னால் "எரர் மைனஸ் 71" என்று இருக்கிறது. ஓரிரு விநாடியில் 1446 என்று புதிதாகத் தெரிகிறது, பிறகு 1001 ஆகிறது, பிறகு 0, 1, 3.

மோடம்மேனேஜர் ஓடுகிறது. நான் நிறுவிய நினைவு இல்லை, கூடவே வந்ததாக இருக்கும்.

வித்தியாசம் என்றால், குளிர் அறையின் சுவர் முழுக்கத் தகரம் போர்த்திய பலகை. உள்ளேயும் பக்கத்திலும் சிக்னல் இல்லை. சிஎஸ்க்யூ (சிக்னல் பலம்) கேட்டால் 9. மோடத்தை ஜன்னல் ஓரம் கொண்டுபோனால் 19 வருகிறது. அதனால் பை அறைக் கதவுப் பக்கம், மோடம் ஜன்னலில், நடுவில் மூன்று மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். மின்சாரம் குறைகிறதோ என்று வீசிஜென்கமெண்ட் என்ற பையின் கட்டளையில் த்ராட்டில் நிலையைப் பார்த்தேன், பூஜ்யம்தான் வருகிறது. வோல்டேஜ் குறைவு ஒன்றுமே பதிவாகவில்லை.

தட்டோன்_சயா எழுதியது:

மகளே, தெளிவாக எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் அந்த 0, 1, 3. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் கெர்னல் முறைப்படிதான் நடந்துகொள்கிறது. யுஎஸ்பி சீரியல் டிரைவர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் காலியாக இருக்கிற எண்களில் சின்னதைக் கொடுக்கும். மோடம் கழன்றபோது 0-ஐயும் 1-ஐயும் யாரும் திறந்து வைத்திருக்கவில்லை, அதனால் அந்த எண்கள் உடனே விடுபட்டன. 2-ஐ உன் நிரல் திறந்தபடியே இருக்கிறது. கருவி போய்விட்டாலும், நிரல் அந்தப் போர்ட்டை மூடாதவரை எண் 2 விடுபடாது. திருமண மண்டபத்தில் துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி மாதிரி, ஆள் எழுந்து போனாலும் இடம் காலியாகாது. மோடம் திரும்பி வரும்போது காலியாக இருப்பது 0, 1, அடுத்து 3. நிரலைக் கொன்றுவிட்டு மோடத்தை மட்டும் கழற்றி மாட்டிப் பார், மறுபடி 0, 1, 2 வரும். பையை அணைக்கவே வேண்டாம்.

ஆகவே போர்ட் எண்ணை நிரலில் எழுதி வைக்காதே. எண் என்பது வந்த வரிசையில் கிடைப்பது, அடையாளம் இல்லை. டெவ் அடைவுக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்று ஒரு அடைவு இருக்கும். அங்கே ஹுவாவே பெயரோடு இஃப்00-போர்ட்0, இஃப்01-போர்ட்0, இஃப்02-போர்ட்0 என்று முடிகிற மூன்று இணைப்புகள் இருக்கும். இஃப்02 என்பது மோடத்தின் மூன்றாவது இன்டர்ஃபேஸ். போர்ட் எண் 2 ஆனாலும் 3 ஆனாலும் 7 ஆனாலும் அந்தப் பெயர் அதே இடத்தைத்தான் காட்டும். உனக்கு அதுவே போதும்.

இன்னும் சுருக்கமான பெயர் வேண்டுமென்றால் யுடெவ் (கருவிகளுக்குப் பெயர் வைக்கும் பகுதி) விதி ஒன்று எழுதலாம். எட்சி, யுடெவ், ரூல்ஸ்.டி அடைவில் 99 என்று தொடங்கும் கோப்பு. சப்சிஸ்டம் டிடிஒய், ஐடிவெண்டர் 12டி1, ஐடிபிராடக்ட் 1001, ஐடி_யுஎஸ்பி_இன்டர்ஃபேஸ்_நம் 02 என்ற நான்கும் பொருந்தினால் ஜிஎஸ்எம்ஏடி என்ற சிம்லிங்க்கை (மாற்றுப் பெயர்) சேர் என்று ஒரே வரி. கோப்பின் எண் 60-க்கு மேலே இருக்கட்டும், ஏனென்றால் இன்டர்ஃபேஸ் எண்ணை நிரப்புவது 60-இல் தொடங்கும் சீரியல் விதிதான். அதற்கு முன்னால் ஓடும் விதிக்கு அந்த மதிப்பு கிடைக்காது. எழுதிய பின் யுடெவ்அட்மின் கண்ட்ரோல் ரீலோட், அப்புறம் மோடத்தைக் கழற்றி மாட்டு.

இரண்டாவது, நடுவே கலந்து வரும் வரிகள். அது இரண்டு இடத்திலிருந்து வருகிறது. மோடம்மேனேஜர் புது மோடத்தைக் கண்டதும் எல்லாப் போர்ட்டையும் திறந்து தானும் ஏடி கட்டளைகள் அனுப்பிப் பார்க்கும். அதே நேரத்தில் நீயும் பேசினால் ஒருவர் கேட்ட பதில் இன்னொருவர் கைக்குப் போகும். இந்தப் பையில் வேறு மோடம் இல்லை, இணையத்துக்கும் இதைப் பயன்படுத்தவில்லை, அதனால் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் போட்டு அதை ஒரேயடியாக நிறுத்திவிடு. வேறு மோடம் உள்ள கணினி என்றால் அதே யுடெவ் கோப்பில் இந்தக் கருவிக்கு மட்டும் ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் என்பதை 1 ஆக்கலாம்.

மீதி வரிகள் மோடமே அனுப்புவது. கூரைக் குறியோடு (^) ஆர்எஸ்எஸ்ஐ, பூட் என்று தொடங்குகிறதா பார். அது சிக்னல் நிலவரம். இந்த மோடம் அதை மூன்றாவது போர்ட்டில்தான் கொட்டும். ஏடி^சியுஆர்சி=0 கொடுத்தால் அடங்கும். மோடம் கழன்று மாட்டும்போது இது பழையபடி ஆகிவிடும், அதனால் போர்ட்டைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நிரல் முதலில் இதைக் கொடுக்கட்டும்.

மூன்றாவதுதான் மூல நோய். ஏன் கழல்கிறது? த்ராட்டில் நிலை பூஜ்யம் என்று சொல்லி மின்சாரத்தின் மேல் சந்தேகம் இல்லை என்கிறாய். அந்த அளவு பைக்குள் வரும் 5 வோல்ட்டைப் பார்ப்பது. மூன்று மீட்டர் தள்ளி ஜன்னலில் இருக்கும் மோடத்துக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று அதற்குத் தெரியாது.

கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வாசிக்கச் சொல். நல்ல கேபிளில் 28 ஏடபிள்யுஜி/1பி, கூடவே 24 ஏடபிள்யுஜி/2சி என்று இருக்கும். முதலாவது டேட்டா ஜோடி, இரண்டாவது மின்சாரம் போகிற இரண்டு கம்பி. மலிவான கேபிளில் இரண்டுமே 28 ஆக இருக்கும். ஏடபிள்யுஜி எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 28 கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. போக மூன்று, வர மூன்று, ஆறு மீட்டருக்கு 1.28 ஓம். மோடம் 500 மில்லிஆம்ப் இழுத்தால் வழியிலேயே 0.64 வோல்ட் தொலைகிறது. 5 வோல்ட் அனுப்பினால் 4.36 தான் சேரும். யுஎஸ்பி 2.0 கணக்கில் கருவியின் வாயில் 4.4-க்குக் குறையக் கூடாது. அதே தூரம் 24 கம்பி என்றால் கால் வோல்ட்தான் இழப்பு.

500 மில்லிஆம்ப் என்பதும் சராசரிதான். ஜிஎஸ்எம் மோடம் தொடர்ந்து ஒலிபரப்பாது, 4.615 மில்லிவிநாடிக்கு ஒரு முறை 0.577 மில்லிவிநாடி மட்டும் துடிக்கும். அந்தத் துடிப்பில் இழுக்கும் மின்னோட்டம் சராசரியைவிடப் பல மடங்கு. சிக்னல் மோசமாக இருந்தால் கோபுரம் சக்தியைக் கூட்டச் சொல்லும், துடிப்பு இன்னும் கனமாகும். உன் ரங்கூன் மேசையில் மோடம் நேராகப் பையில் செருகியிருந்தது, சிக்னலும் நன்றாக இருந்திருக்கும். அங்கே ஓடியதும் இங்கே ஓடாததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். மைனஸ் 71 என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அது யுஎஸ்பி நெறிமுறைப் பிழை, கம்பியில் தகவல் சிதைந்தால் வருவது. டிரைவரைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

உப்புக் காற்று இருக்கிற ஊர். செருகும் வாய்ப் பித்தளையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

மண்டலே_மின்வேலை எழுதியது:

சயா சொன்ன கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நல்ல கேபிள் வாங்கலாம், தனி மின்சாரம் உள்ள ஹப் வைக்கலாம். ஆனால் எதற்கு? நீட்ட வேண்டியது யுஎஸ்பியை இல்லை, சென்சார் ஒயரை. டிஎஸ்18பி20 மூன்று கம்பியில் ஓடுகிறது, இழுக்கும் மின்சாரம் அற்பம். லேன் கேபிள் ஒன்றை வெட்டி, டேட்டாவும் கிரவுண்டும் ஒரே முறுக்கு ஜோடியில் வருகிற மாதிரி இணைத்து, பைப் பக்கத்தில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரை டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே போட்டால் பத்து மீட்டர் தாராளமாக ஓடும். பையையே ஜன்னல் பக்கம் வைத்து மோடத்தை நேராகச் செருகுங்கள். மழைச் சாரல் படாமல் ஒரு பெட்டி மட்டும் வேண்டும்.

தட்டோன்_சயா எழுதியது:

இது என் யோசனையைவிட நல்லது. இதையே செய் மகளே.

அப்படிச் செய்தாலும் நிரலைத் திருத்தாமல் விடாதே. மோடம் என்றால் என்றைக்காவது கழலும். பிழை வந்ததும் நிரலுக்குள்ளேயே சமாளிக்கப் பார்த்தால் போர்ட்டை மூட மறந்து பழையபடி எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிழை வந்தால் நிரல் செத்துப்போகட்டும். சிஸ்டம்டி (நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் பகுதி) சேவையாக வைத்து ரீஸ்டார்ட் ஆல்வேஸ், பத்து விநாடி இடைவெளி என்று எழுதிவிடு. நிரல் செத்தால் அது திறந்த எல்லாமே மூடப்படும், எண்ணும் விடுபடும். புதிதாக எழுந்ததும் ஏடி, சியுஆர்சி, சிபின் (சிம் பின் நிலை), சிரெக் (கோபுரத்தில் பதிவு) என்று வரிசையாகக் கேட்டு, சிரெக் பதிலில் 0,1 அல்லது 0,5 வந்த பிறகு வேலையைத் தொடங்கட்டும். 0,2 என்றால் இன்னும் கோபுரத்தைத் தேடுகிறது, பொறுத்திரு. பைசீரியலில் (பைத்தானின் போர்ட் நூலகம்) போர்ட் திறக்கும்போது எக்ஸ்க்ளூசிவ் என்பதை ட்ரூ ஆக்கு. அதே போலத் திறக்க வருகிற இன்னொரு நிரலுக்கு இடம் கிடைக்காது.

ரங்கூன்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமா மகன் கேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படித்துக் காட்டினான். 28 என்று ஒரே எண்தான், 24 எங்கேயும் இல்லை. அதைக் கழற்றிவிட்டோம். பை இப்போது ஜன்னல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள், மோடம் நேராக அதில், சென்சாருக்கு லேன் ஒயர் ஏழு மீட்டர். மோடம்மேனேஜரை மாஸ்க் செய்தாயிற்று. நிரல் பை-ஐடி பெயரில் திறக்கிறது, சிஸ்டம்டி பார்த்துக்கொள்கிறது. வேண்டுமென்றே மோடத்தைப் பிடுங்கி மாட்டச் சொன்னேன். அரை நிமிடத்துக்குள் தானாக எழுந்து எனக்கு "தயார்" என்று செய்தி அனுப்பியது. இதுவரை டிமெசேஜில் ஒரு டிஸ்கனெக்ட் வரி கூட வரவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. காவலாளிக்கு ஆங்கிலம் தெரியாது, பர்மிய மொழியில் அனுப்பினால்தான் புரியும். அப்படி அனுப்பிப் பார்த்தால் கேள்விக்குறியாகப் போகிறது. மாமாவுக்குத் தமிழில் அனுப்பினாலும் அதேதான்.

தட்டோன்_சயா எழுதியது:

ஏடி+சிஎஸ்சிஎஸ் கொடுத்து எழுத்து வகையை யுசிஎஸ்2 ஆக்கு. அடுத்து ஏடி+சிஎஸ்எம்பி=17,167,0,8. கடைசி 8 தான் இது யூனிகோட் செய்தி என்று சொல்வது. செய்தியை ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு ஹெக்ஸ் இலக்கமாக மாற்றி அனுப்ப வேண்டும், பைத்தானில் யுடிஎஃப்-16 பிஇ என்று ஒரே வரி வேலை. பலரும் மாட்டிக்கொள்வது தொலைபேசி எண்ணில். சிஎஸ்சிஎஸ் யுசிஎஸ்2 ஆனபின் செய்தி அனுப்பும் சிஎம்ஜிஎஸ் கட்டளையில் கொடுக்கும் எண்ணையும் அதே ஹெக்ஸில்தான் எழுத வேண்டும்.

இந்த வகையில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடையாது, 70 தான். உயிர்மெய்யில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும், "மீன்" என்றால் நான்கு. பர்மிய எழுத்துக்கும் அப்படியே. சுருக்கமாக எழுது.

காவலாளியின் போன் பழசா என்று கேள். 2019 அக்டோபர் 1-இல் நாடு யூனிகோடுக்கு மாறியது, அதற்கு முந்தைய போன்களில் இன்னும் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு இருக்கலாம். அதில் உன் செய்தி தாறுமாறாகத் தெரியும். இலக்கங்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான், அதனால் வெப்பநிலையைச் செய்தியின் முதலில் போடு.

ஈயப்பற்று எழுதியது:

தூங்குகிற ஆளைக் குறுஞ்செய்தி எழுப்பாது தங்கச்சி. மோடத்தில் குரல் அழைப்பு திறந்திருந்தால் செய்தி போனதும் ஏடிடி, அவர் எண், கடைசியில் அரைப்புள்ளி கொடுத்துப் பாருங்கள், மணி அடிக்கும். அரைப்புள்ளி இல்லாவிட்டால் டேட்டா அழைப்பாகப் போய்விடும். முப்பது விநாடி அடிக்கவிட்டு ஏடி+சிஎச்யுபி கொடுத்து அழைப்பை வையுங்கள். அவர் எடுக்காவிட்டால் அடுத்து மாமாவுக்கு.